வாங்காத நோட்டீஸ்

பிப்ரவரி 3, செவ்வாய்
காலேஜுக்குப் போக ஜவளகிரி பஸ்ஸுக்கு நிற்கும்போது பக்கத்து வீட்டு ராமப்பன் மாமா ஓடி வந்தார். அவருடைய ஒன்றரை ஏக்கரைத் தொழிற்பேட்டைக்கு எடுக்கப் போகிறார்களாம். தலையாரி நோட்டீஸோடு வாசலில் நிற்கிறாராம்.
"கையெழுத்துப் போடலாமா வக்கீலம்மா?"
சட்டக் கல்லூரியில் மூன்றாம் வருஷம்தான். ஆனாலும் அந்த ஒரு வார்த்தை தலைக்கேறிவிட்டது. "போட்டா நெலத்தக் குடுக்கச் சம்மதம்னு ஆயிடும் மாமா. வாங்கவே வாங்காதீங்க."
பஸ் வந்துவிட்டது.

மார்ச் 11, புதன்
நிர்வாகச் சட்ட வகுப்பு. நோட்டீஸை வாங்க மறுத்தால் கதவில் ஒட்டலாம், ஒட்டினாலே கொடுத்ததாக ஆகும் என்றார் மேடம். கையெழுத்து என்பது வெறும் 'பெற்றுக்கொண்டேன்'தானாம். சம்மதமில்லை.
சாயங்காலம் ஓடிப் போய்ப் பார்த்தேன். மாமா வீட்டுக் கதவில் அந்தக் காகிதம். பக்கத்து வீட்டிலேயே இருந்தும் இத்தனை நாள் என் கண்ணில் படவில்லை. ஆட்சேபணை சொல்ல முப்பது நாள். முடிந்து ஆறு நாளாகிறது.

மார்ச் 12
நான் சொன்னது தப்பு என்று மாமாவிடம் சொல்லவில்லை. கோழை.

மார்ச் 13, வெள்ளி
மாமாவின் ஆட்சேபணையோடு, தாமதத்தைப் பொறுக்கச் சொல்லி ஒரு மனுவும் எழுதினேன். காரணம்? 'சட்டம் படிக்கும் பெண் தவறாகச் சொன்னதால்' என்று எழுதினேன். கிழித்தேன். 'மனுதாரர் எழுதப் படிக்கத் தெரியாதவர்' என்று போட்டேன். மாமாவுக்குத் தமிழ் வாசிக்க வராது — முழுப் பொய்யில்லையே? சீ, யாரிடம் வாதாடுகிறேன்? அந்த வரியை மட்டும் விட்டுவிட்டு அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

மார்ச் 16, திங்கள்
நில எடுப்பு ஆபீஸில் மாமா பேனாவை வாங்கிக் கன்னடத்தில் முத்து முத்தாகக் கையெழுத்துப் போட்டார். அதிகாரி மனுவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.
"எழுதப் படிக்கத் தெரியாதவர்னு இருக்கே?"
"யாரு, நானா? எட்டாவது வரைக்கும் கன்னடத்துல படிச்சேன் சார். தெனமும் பேப்பர் படிக்கறவன்."
சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். ஐயோ, அந்த முகம்.
"நான்தான் சார் நோட்டீஸ வாங்க வேணாம்னு சொன்னேன். இந்தப் பொய்ய எழுதுனதும் நான்தான்."
அதையே எழுதிக் கொடுக்கச் சொன்னார் அதிகாரி. பெயர், கல்லூரி, வருஷம் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பஸ்ஸில் மாமா வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மார்ச் 27, வெள்ளி
தாமதத்தைப் பொறுத்து ஆட்சேபணையை விசாரணைக்கு எடுத்துக்கொண்டார்களாம். ஏப்ரல் எட்டாம் தேதி விசாரணை. நிலம் தப்புமோ என்னவோ, அவர் சொல்வதைக் கேட்கவாவது போகிறார்கள்.
லீவு போட்டுவிட்டுக் கூட வருகிறேன் என்று போய்ச் சொன்னேன். மாமா மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.
"வேணாம்மா. எனக்கும் பேச வரும்."
சரி மாமா என்று திரும்பி வந்துவிட்டேன்.