ஏழாவது வளையம்

செப்டம்பர் 21

மலைச்சாலையில் ஆறு மேப்பிள் மரங்களுக்கு ஆரஞ்சு பெல்ட் கட்டிவிட்டேன். அப்பாவின் பூங்கா வண்டியில் இருந்த ஸ்ப்ரே டப்பாதான். வெட்ட வேண்டிய மரத்துக்குப் பூங்கா ஆட்கள் போடும் அதே வளையம். இலை சிவப்பதைப் பார்க்க முந்தியே வந்துவிட்ட கூட்டம் அழாத குறை. ஒரு பாஸ்டன் அம்மாள் மரத்தைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்!

வாசல் கூண்டில் சீட்டு கொடுக்கும் டெனீஸ் மட்டும் என் நகத்தைப் பார்த்துவிட்டார்.

"குட்டிச்சாத்தானே, கேரட்டா நறுக்குனே?"

"ஆமா, கண்ணுக்கு நல்லதாம்."

"உங்கப்பன் கண்ணுல படாம இருந்தா இன்னும் நல்லது."

காட்டிக்கொடுக்க மாட்டார். எப்போதும் அப்படித்தான்.

செப்டம்பர் 24

அப்பா நாள் முழுக்கக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து அழித்துவிட்டு வந்தார். "ஏழு மரம்! எவன்னு மட்டும் தெரியட்டும்."

ஏழா? நான் போட்டது ஆறு.

செப்டம்பர் 25

சைக்கிளில் போய் அப்பா தேய்த்த தடங்களைப் பார்த்தேன். ஏழாவது, வண்டியை நிறுத்திப் பள்ளத்தாக்கைப் பார்க்கிற திருப்பத்தில் நிற்கும் பெரிய மரம். மற்றதெல்லாம் பச்சையாக இருக்க, அது மட்டும் செக்கச்செவேலென்று நிற்கிறது. முந்திச் சிவப்பது சீக்கு மரம். இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியானால் அப்பா அழித்த அந்த வளையம் நிஜம்.

சொன்னால் மற்ற ஆறும் நான்தான் என்று தெரிந்துவிடும். இன்னொரு சேட்டை செய்தால் மேய்ன் மாநிலத்து அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக ஏற்கெனவே எச்சரிக்கை. ஊருக்கு இது இலையுதிர்காலம். வாயைத் திறந்தால் எனக்குப் பல்லுதிர்காலம்.

அக்டோபர் 2

நாளைக்குச் சொல்கிறேன்.

அக்டோபர் 10

மூன்று நாள் தொடர் விடுமுறை. சாலை முழுக்க வண்டி. பேய்க்காற்று. திருப்பத்தில் வண்டிகளை ஒழுங்குபடுத்த டெனீஸை அனுப்பியிருக்கிறார்கள். கிளை முறிந்து —

என்னால எழுத முடியல.

அக்டோபர் 12

டெனீஸுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை.

வளையமெல்லாம் என் விளையாட்டு என்று தெரிந்த ஒரே ஆள். ஏழாவதும் என் வேலை என்று நினைத்துத்தான் பயப்படாமல் அந்த மரத்தடியில் நின்றாரா?

அக்டோபர் 14

மரங்களைச் சோதிக்கும் அதிகாரி நோட்டோடு வந்தாராம். அவர் அந்த வளையம் போட்ட வாரம் அப்பா லீவு. வேலைக்கு வர வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். உள்ளங்கையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறார். "இந்தக் கையாலதானேம்மா அழிச்சேன்."

நான் எதிரே உட்கார்ந்து சூப் குடித்தேன். குடிச்சேனே! எப்படிடீ உனக்கு இறங்குச்சு?

அக்டோபர் 15

சொல்லிவிட்டேன். அப்பா கத்தவில்லை.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"செப்டம்பர் இருபத்தஞ்சுப்பா."

கிளை விழுந்த நாள்வரை மனசுக்குள் எண்ணினார். உதடு அசைந்தது. பதினைந்து. எழுந்து போய் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டார். கிளப்பவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்.

அக்டோபர் 19

ஆஸ்பத்திரி. டெனீஸின் கட்டில் ஜன்னலோரம். வெளியே மலை முழுக்கத் தீப்பிடித்த நிறம். ஆறு, ஏழு, பதினைந்து நாள் — எல்லாவற்றையும் சொன்னேன். குட்டிச்சாத்தானே என்று ஒரு தடவை திட்டிவிட மாட்டாரா என்று நின்றேன்.

"ஓடெட்" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் என் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

"போகும்போது அந்த ஜன்னல் திரையை இழுத்து மூடிட்டுப் போ."

மூடினேன்.