உன் அடக்கத்தன்று நான் ஊதியது

கிளாரினெட் பெட்டியைத் திறந்தால் முதலில் மூக்கில் ஏறுவது கூலன்ட் எண்ணெய் வாசனைதான். வாத்தியத்தின் உட்புறம் துடைக்க நீ கம்பெனியிலிருந்து எடுத்துவந்து போட்ட பனியன் வேஸ்ட் துணி இன்னும் அதிலேயே கிடக்கிறது. எத்தனை தரம் சோப்புப் போட்டு அலசினாலும் வாசனை போகவில்லை. "வாயில வெக்கிற சாமான்டா இது, இதுல போயி மெஷின் எண்ணெய் நாத்தமா?" என்று நான் கத்தியபோது, "நாம திங்கற சோத்துலயே அந்த வாசனதான் அடிக்குது, பிடு" என்றாய். விடு என்பதற்கு உனக்குக் கன்னடம்தான் முந்திக்கொண்டு வரும். இன்று காலை அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவன், உனக்கு எழுதிவிடுவோம் என்று ஆரம்பித்துவிட்டேன். எழுதப் போவது பெருமைப்படும் சங்கதி இல்லை.

ஒரே வயசு, ஒரே ஷிப்டு, மூக்கண்டப்பள்ளியில் அடுத்தடுத்த வீடு. மாதா கோயில் பேண்டில் நீ முதல் கிளாரினெட், நான் இரண்டாவது. உன் இடது தோளை ஒட்டி நின்று ஊதியே எனக்குப் பாதி ஆயுசு போயிற்று. என் ஊதல் ஒன்றும் உன்னுடையதைப் போல இருக்காது, ஆனால் கேட்கும்படி இருக்கும். மேல்வரிசையில் நான்கு முன்பற்களை எடுத்துவிட்டுக் கழற்றி மாட்டும் பிளேட்டு வைத்த பிறகு அதுவும் போயிற்று.

பிளேட்டு வைத்தது என் மனைவிக்கும் பல் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். வெளியே சொல்ல வாய் வரவில்லை. நம் பேண்டில் டிரம்பெட் ஊதும் பெரியவர் பல் விழுந்து வந்தபோது அவருக்கு 'பொக்கை மாஸ்டர்' என்று பேர் வைத்தவனே நான்தானே. அந்தப் பேர் அவரோடு ஒட்டிக்கொண்டது. அது என் பக்கம் திரும்பி வந்தால் தாங்க மாட்டேன்.

கெலமங்கலம் தேர் பவனியில்தான் முதல் தடவை மானம் போனது. வாத்தியத்தைக் கடித்துப் பிடித்தால் பிளேட்டு ஆடியது, தளர்த்தினால் உதட்டோரம் காற்று ஓடியது. சத்தம் தகரத்தைக் கீறுகிற மாதிரி வந்தது. நடுவில் இரண்டு முறை கீச்சென்று கத்தியது. தேர் இழுத்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் வாயில் வைக்கும் நாணல் சீவலை, அந்த ரீடைக் கழற்றி முறைத்துப் பார்த்தேன், ஏதோ குற்றம் அதன்மேல்தான் என்பதைப் போல.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் என் கிளாரினெட்டை வாங்கி உன் வீட்டு வாசல் படியில் பிரித்துப் போட்டாய். கம்பெனியில் ரிஜெக்ட் ஆன பீஸை எப்படிப் பார்ப்போமோ அப்படியே பார்த்தாய். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். முதலில் மெஷின், அப்புறம் மெட்டீரியல், அப்புறம் செய்கிற முறை. ஆளைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும். லைனில் நாம் எல்லோரும் பிழைத்துக்கிடப்பது அந்தச் சட்டத்தால்தான். எடுத்த எடுப்பில் ஆள்மேல் பழி போடுகிற சூப்பர்வைசரை நீ மனுசனாகவே மதித்ததில்லை.

புது ரீடு போட்டு ஊதச் சொன்னாய். அதே தகரம். ரீடைப் பிடிக்கும் கிளிப்பைத் தளர்த்திப் பார்த்தாய். சிகரெட் தாளைக் கிழித்து ஒவ்வொரு துளையின் மூடிக்கும் அடியில் வைத்து இழுத்து, காற்று எங்கே கசிகிறது என்று தேடினாய். எங்கும் கசியவில்லை. இணைப்புத் தக்கையில் புதிதாக மெழுகு தடவினாய். உன் வாத்தியத்தின் மவுத்பீஸை என்னுடையதில் மாட்டினாய். அதே தகரம். கடைசியில் என் மவுத்பீஸை வெயிலில் திருப்பிப் பிடித்துப் பார்த்தாய். மேல்புறம் என் பழைய பல் தடம் ஆழமாக இருந்தது. அதன் பக்கத்தில் புதிதாக, வழுக்கி வழுக்கிப் பதிந்த கீறல்கள்.

நீ என் முகத்தைப் பார்த்தாய். வாயைப் பார்த்தாய். பிறகு குனிந்து வாத்தியத்தைப் பூட்ட ஆரம்பித்தாய்.

"குளுருதான் மச்சான். ஓசூர் குளுருக்கு மரம் இறுகிக்கும். நல்லா சூடு பண்ணிட்டு ஊது."

பட்டியலில் மிச்சம் இருந்தது ஆள் மட்டும்தான். அந்த இடத்தில் நின்றுவிட்டாய். நான் கிளம்பும்போது எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாய்: "எங்க மாமா ஒருத்தரு அஞ்செட்டியில இருந்தாரு. முன்பல்லு இல்லாமயே ரெண்டு உதட்டையும் உள்ள மடிச்சு ஊதுவாரு. கேக்க அவ்ளோ நல்லாருக்கும்."

உனக்கு அஞ்செட்டியில் மாமன் மச்சான் யாரும் கிடையாது என்பது எனக்குத் தெரியாதா? "அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நீ சத்தமாக ஊத ஆரம்பித்தாய். என் சத்தம் வெளியே தெரியாதபடி உன் சத்தத்தால் போர்த்தினாய். "அடக்கி ஊதுப்பா, நீ என்னா லாரி ஹாரனா?" என்று பேண்டு மாஸ்டர் எல்லோர் முன்னிலையிலும் திட்டினார். மெதுவாக ஊதுவதில் உன்னை மிஞ்ச இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆள் இல்லை. நீ "சரிங்க மாஸ்டர்" என்றாய், அடுத்த வாரமும் அதையே செய்தாய். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

நெஞ்சு வலிக்கிறது என்று ஷிப்டு நடுவில் ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை. அடக்கத்தன்று பேண்டு மாஸ்டர் என் தோளில் கை வைத்து, "கல்லறையில நீ மட்டும் தனியா ஊது. அவனுக்கு அதான் மரியாத" என்றார். கிளம்பும் முன் உன் வீட்டுப் பின்கட்டுக் குழாயடியில் நின்று, நீ சொன்ன அஞ்செட்டி மாமாவை நினைத்துக்கொண்டு பிளேட்டில் விரல் வைத்தேன். பாதி கழற்றியும் விட்டேன். வெளியே கோயில் ஜனம், கம்பெனி ஆட்கள், பொக்கை மாஸ்டர் எல்லோரும் நின்றிருந்தார்கள். மறுபடியும் அழுத்தி மாட்டிக்கொண்டு வந்தேன்.

உனக்குப் பிடித்த பாட்டைத்தான் எடுத்தேன். பக்கத்தில் நீ இல்லை. போர்த்த யாரும் இல்லாமல் என் சத்தம் அம்மணமாக நின்றது. மேலே ஏறும் இடத்தில் உடைந்தது, இறங்கும் இடத்தில் கீச்சிட்டது. உன் குழியைப் பார்த்து நான் ஊதியது அதுதான். அதைக் கேட்டுப் பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். "பாவம், துக்கத்துல அந்த மனுசனுக்கு மூச்சே வரல" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். பங்குச் சாமியார் என்னை அணைத்துக்கொண்டார். நான் தலையைக் குனிந்து அதை வாங்கிக்கொண்டேன். எனக்குக் கிடைக்கக் கூடாத மரியாதை அது.

உன் முப்பதாம் நாள் பூசை முடிந்து உன் வீட்டில் சாப்பாடு ஆனதும் உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ஒவ்வொருவரிடமும் உன் மனைவி என்னைக் காட்டி, "இந்த அண்ணன்தான் அன்னைக்கு அழுதுகிட்டே ஊதுனாரு" என்றாள். எல்லோரும் போன பிறகு அவள் முன்னால் பிளேட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் வைத்தேன்.

"என்னாண்ணா இது?"

"இதனாலதாம்மா அன்னைக்கு அப்படி வந்துச்சு. அழுக இல்ல. அவனுக்குத் தெரியும். உங்கிட்டச் சொல்லலியா?"

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே அவரு."

உன் பெண்டாட்டியிடம்கூட நீ சொல்லவில்லை. பூசைக்கு ஊதக் கொண்டுவந்திருந்த வாத்தியத்தை எடுத்தேன். இரண்டு உதட்டையும் உள்ளே மடித்து அதே பாட்டை ஊதினேன். உதடு வலித்தது, தாடை நடுங்கியது. ஆனால் சத்தம் முழுசாக, உருண்டு வந்தது. எனக்கே என் காதை நம்ப முடியவில்லை. அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டாள். முடித்ததும் கோபமே இல்லாமல், ஏதோ சின்ன விஷயம் கேட்பதைப் போலக் கேட்டாள்:

"அன்னைக்கே இப்படி ஊதியிருக்கலாமேண்ணா."

இப்போது ஞாயிறுதோறும் பல்லைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பேண்டில் நிற்கிறேன். பார்க்கிறவர்கள் பார்க்கிறார்கள், பேர் வைக்கிறவர்கள் வைத்துக்கொள்ளட்டும். சத்தம் நன்றாகத்தான் இருக்கிறது, மச்சான். ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் அவள் கேட்டது காதில் விழுகிறது.