நடையில் ஓடிய ஜெனரேட்டர்

செவ்வாய், இரவு

தூங்க முடியவில்லை. பாப்பாவின் மூக்கருகே விரலை வைத்து வைத்துப் பார்க்கிறேன். மூச்சு வருகிறது.

சாயங்காலம் மழையில் கரண்ட் போய்விட்டது. கொல்லையில் ஜெனரேட்டர் நனைந்துவிடும் என்று மாமனார் அதை வீட்டு நடைக்குள் இழுத்துவந்து ஓட்டினார். விளக்கு வைத்ததும் கொசுவுக்காக ஜன்னல்களைச் சாத்துவது ஸ்ரீரங்கத்தில் எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம். இன்றும் நான்தான் சாத்தினேன். ஃபேன் காற்றில் பாப்பா அயர்ந்து தூங்குகிறாள் என்று இருவருமே நினைத்தோம். பால் கொடுக்க எழுப்பியபோது தலை துவண்டு விழுந்தது. எனக்கும் கண்ணை இருட்டியது.

ஆட்டோவில் மாமனாரைப் பார்த்துக் கத்திவிட்டேன்: "என் புள்ளையக் கொன்னுட்டீங்களே!"

"புள்ளைக்கு வேர்த்துக் கொட்டுச்சும்மா, காத்து வரட்டுமேன்னுதான்..." என்றார்.

ஆஸ்பத்திரியில் பாப்பா தேறும்வரை ஆக்சிஜன் வைத்தார்கள். "ஜெனரேட்டர் புகைங்க. இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா..." என்று டாக்டர் நிறுத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் பாப்பா எப்போதும்போலத் தாத்தாவிடம் தாவினாள். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேணாம்மா. நீயே வெச்சுக்க."

அவள் அவருடைய வேட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்போதும் அவர் தூக்கவில்லை.

கரண்ட் வந்து வெகுநேரம் ஆகிவிட்டது. கூடத்தில் லைட்டும் ஃபேனும் போடாமல் உட்கார்ந்திருக்கிறார். போய் ஏதாவது சொல்ல வேண்டும். இரண்டு தடவை கதவு வரை போனேன். "மாமா" என்று கூப்பிடக்கூட வாய் வரவில்லை.