அக்ரூட்டைத் திரும்ப எடுக்காதவன் எழுதிக்கொண்டது

அனுப்புநர்:
தாமிர் க்ராலிக்,
முடிதிருத்துநர்,
டிராம் பணிமனை எதிரில்,
ஒசியெக்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
வாயிற்காவல் சீட்டாட்ட நடுவர் குழு,
ஸாக்ரெப்.

பொருள்: நடுவர் திருமதி லியெர்கா புக்வாச் அவர்களின் பெயரை நடுவர் பட்டியலில் மீண்டும் சேர்க்கக் கோருதல், என் பேரிலேயே புகார் தெரிவித்தல்.

பார்வை: 1. எனது புகார், நாள் 11.02.2024. 2. தங்கள் ஆணை, நாள் 20.02.2024.

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு,

1. பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஊரில் நடந்த வட்டார இறுதி ஆட்டத்தில் நான் தோற்றேன். என்னைத் தோற்கடித்த தீர்ப்பைச் சொன்னவர் திருமதி லியெர்கா. டிராம் பணிமனையில் வண்டிகளை நேரம் பார்த்து அனுப்புவது அவர் வேலை. என் மகள் இவாவுக்கு ஞானத்தாயும் அவரே. அவருக்கு என் மீது குடும்பப் பகை என்று அன்று பிற்பகலே தங்களுக்கு எழுதியவன் நான். அதை நம்பி, மார்ச் 16 விசாரணை வரை அவர் நடுவராக அமரக்கூடாது எனத் தாங்கள் ஆணையிட்டுள்ளீர்கள். அந்தப் புகார் பொய். நடந்ததை இப்போது உள்ளபடி எழுதுகிறேன்.

2. விதி தாங்கள் அறிந்ததே. ஆயினும் நான் அதை மதித்துப் படித்தது தோற்ற பிறகுதான் என்பதால், எழுதிப் பார்க்க அனுமதிக்க வேண்டுகிறேன். ஒருவர் தம் வீரர் சீட்டைத் தாக்க அனுப்புகிறார். மற்றவர் தடுப்பவர் சீட்டை எதிரே நிறுத்துகிறார். தடுப்பு நின்ற பின், அடி விழுமுன், ஒரு சிறு அவகாசம் உண்டு. கையில் மறைத்த சீட்டை இறக்க அதுவே நேரம். இறக்க ஒன்றுமில்லை என்றால் தம் முன்னிருக்கும் அக்ரூட் கொட்டையை நடுவே தள்ள வேண்டும். இருவர் கொட்டையும் நடுவில் இருந்தால் அடி விழும். பிறகு அழுதாலும் திரும்பாது. ஆனால் ஒருவர் சீட்டு இறக்கினால், மற்றவரின் கொட்டை அவரிடமே திரும்பிவிடும். அவர் பதில் சொல்லலாம். கடைசி வார்த்தை யாருக்கும் களவாகக் கிடைக்காது. இதை யோசித்து எழுதியவர் யாரோ, அவர் கையைப் பிடித்து முத்தமிடத் தோன்றுகிறது.

3. எங்கள் ஊரில் ஒரு கெட்ட பழக்கம். எங்கள் சீட்டாட்ட மன்றத்து அறை மீன்பிடிச் சங்கத்துக்குச் சொந்தமானது. ஞாயிறு ஒரு மணி அடித்தால் அவர்கள் மீன் குழம்புக் கொப்பரையோடு வாசலில் நிற்பார்கள். அதற்குள் முடிக்கும் அவசரத்தில், தாக்கும்போதே வீரரையும் கொட்டையையும் ஒரே கையால் தள்ளிவிடுவோம். தடுப்பு நின்றதும் கொட்டையைத் திரும்ப எடுக்க வேண்டும் என்பது விதி. எடுக்காவிட்டால், இறக்க ஒன்றுமில்லை என்று பொருள். நாங்கள் எடுப்பதில்லை. திருமதி லியெர்கா ஆறு வருடமாகச் சொல்லிப் பார்த்தார். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் தம் வீட்டு மரத்துக் கொட்டைகளைப் பையோடு கொண்டுவந்து கொடுத்து, ஒவ்வொரு முறையும் சொன்னார்.

4. அன்றும் நான் அப்படியே தள்ளினேன். எதிரே வின்கோவ்சி ஊர் மருந்துக்கடை நெவெங்கா துர்கால். அவர் தடுப்பவரை நிறுத்தினார், தம் கைச்சீட்டை ஒருமுறை பார்த்தார், தம் கொட்டையை நடுவே தள்ளினார். அதன் பிறகு நான் "இரட்டை ஈட்டி" சீட்டை இறக்கினேன். அது செல்லுபடியாகியிருந்தால் ஸாக்ரெப் போட்டிக்கு நான் வந்திருப்பேன். திருமதி நெவெங்கா கையை உயர்த்தி நடுவரை அழைத்தார்.

5. திருமதி லியெர்கா வந்தார். மேசை நடுவே இரண்டு கொட்டைகள் கிடந்தன. என் கொட்டை தாக்கும்போதே வந்ததா, பின்னால் சீட்டோடு சேர்ந்து வந்ததா என்று கொட்டை சொல்லாது, எதிராளியும் கவனிக்கவில்லை. என்னைத்தான் கேட்டார். "தாமிர், தடுப்பு நின்னதும் உன் கொட்டைய எடுத்தியா?" நான், "எடுக்கலக்கா, இங்க யாருதான் எடுக்குறாங்க?" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "அவன் பொண்ணுக்கு நீ ஞானத்தாய்க்கா, கொஞ்சம் பாத்து சொல்லேன்" என்றுகூட ஒருவர் கத்தினார். அவர் சிரிக்கவில்லை. "எடுக்கலன்னா அடி விழுந்துருச்சுப்பா. வண்டி கிளம்பினப்புறம் மணி அடிச்சா நிக்குமா?" என்றார். என் சீட்டை எடுத்து, மடங்காமல், என் கையில் திருப்பித் தந்தார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அவர் என்னை நம்பிக் கேட்டார், நான் உண்மை சொல்வேன் என்று நம்பித் தீர்ப்புச் சொன்னார். அந்த மரியாதையை ஊரார் முன் பட்ட அவமானம் என்று எடுத்துக்கொண்டேன்.

6. நேற்று இவாவின் பிறந்தநாள். தங்கள் ஆணை தம் கைக்கு வந்து இரண்டு நாளாகியும், திருமதி லியெர்கா வழக்கம்போல அக்ரூட் சுருள் ரொட்டி செய்துகொண்டு வந்தார். புகார் எழுதியவர் யார் என்று ஆணையில் இல்லை. என் மனைவி பொறுக்காமல், "எவன்க்கா அந்தப் பாவி?" என்று கேட்டாள். நான் தட்டில் இருந்த ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது இது: "யாரா இருந்தா என்னம்மா. ஊரையே முறைப்படி நில்லுன்னு சொல்றவ நான். என் முறை வந்தா நானும் நிக்க வேணாமா? பதினாறாம் தேதி கேப்பாங்க, சொல்றேன்." பிறகு என்னைப் பார்த்து, "நீ ஏண்டா சாப்பிடாம உக்காந்திருக்க?" என்று இன்னொரு துண்டு வைத்தார்.

7. புகாரைப் பத்து நாளுக்குள் திரும்பப் பெறலாம் என்று தங்கள் விதி சொல்கிறது. இன்று பதினைந்தாம் நாள். கொட்டையைத் தள்ளிவிட்டு, திரும்ப எடுக்காமல் விட்டவன் நான். ஆகவே திரும்பப் பெற அனுமதி கேட்கவில்லை. கேட்டால், அவர் எனக்குக் கற்றுத் தந்தது வீண்.

8. ஆனால் தாங்கள் 20ஆம் தேதி ஆணை என்னும் சீட்டை இறக்கியிருக்கிறீர்கள். விதிப்படி என் கொட்டை என்னிடம் திரும்பி வந்துவிட்டது. நான் பதில் சொல்லலாம். என் பதில் இந்த மனு.

ஆகவே, திருமதி லியெர்கா புக்வாச் அவர்களின் பெயரை விசாரணைக்குக் காத்திராமல் பட்டியலில் சேர்க்கவும், ஸாக்ரெப் இறுதிப் போட்டியில் அவரை நடுவராக அமர்த்தவும், பொய்ப் புகார் எழுதிய எனக்கு விதியில் உள்ள தண்டனையைக் குறைக்காமல் வழங்கவும் தங்களைத் தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன். அடி எனக்கு விழ வேண்டியது.

இடம்: ஒசியெக்
நாள்: 26.02.2024

இப்படிக்கு,
தலைகுனிந்து,
(ஒப்பம்) தாமிர் க்ராலிக்

நகல்: திருமதி லியெர்கா புக்வாச், டிராம் பணிமனை. தபாலில் அல்ல, இன்று மாலை அவர் வேலை முடிந்து வெளியே வரும்போது, வாசலில் நின்று, என் கையால்.