வலது ஓரத்துப் புள்ளி

அன்பு மகளே,

அங்கே நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவைத் திறந்திருக்கிறேன். இங்கே நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று கேட்டால், உன் புள்ளியியல் பாடத்துப் பாஷையில் சொல்வதானால், சராசரியாக நலம். அப்பாவுக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாயிற்று, பிடுங்கினவரைத் திட்டிக்கொண்டே பாலில் ரொட்டியை ஊறவைத்துச் சாப்பிடுகிறார். தம்பி வேலைக்குப் போகிறான், வருகிறான், சாப்பிடும்போதுகூடப் போனிலிருந்து தலையைத் தூக்குவதில்லை. எனக்கு வலது மணிக்கட்டில் கொஞ்சம் வீக்கம், எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான், பதறாதே, ஏன் என்று சொல்கிறேன். போனில் சொல்லலாம் என்றால் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் ஆராய்ச்சிக்காக எங்கள் அவசரப் பிரிவு நர்ஸ்களிடம் நான் கேட்டு அனுப்பினேனே, போன வருடம் முழுவதும் நோயாளியோ கூட வந்தவர்களோ எத்தனை தடவை உங்கள் மேல் கை வைத்தார்கள் என்று, அதை நீ ஒழுங்குபடுத்திப் படமாகப் போட்டு அனுப்பியது கிடைத்தது. ஓர் ஆளுக்கு ஒரு புள்ளி. நல்ல வேலை செய்திருக்கிறாய் கண்ணு, இத்தனை வருடம் அங்கேயே குப்பை கொட்டுகிற எனக்குத் தெரியாததை அது ஒரு பார்வையில் காட்டிவிட்டது. எல்லாப் புள்ளிகளும் இடது பக்கம் கும்பலாக உட்கார்ந்திருக்கின்றன, பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று என்று. எல்லாரையும் சிறிதிலிருந்து பெரிதாக வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் எண்தான் இடைநிலை என்று எழுதியிருந்தாய், பார்த்தால் நடுவில் நிற்பது நான். வருடத்துக்கு இரண்டு அடி. ஒருவன் கன்னத்தில் அறைந்தான், இன்னொருத்தி தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினாள். அப்புறம் வலது ஓரத்தில், யாரும் இல்லாத இடத்தில், ஒரு புள்ளி மட்டும் தனியாக இருபத்து மூன்றில் நிற்கிறது. 2-3 என்று எழுதியிருந்ததை 23 என்று தட்டிவிட்டேனோ அம்மா, தப்பாகத்தான் இருக்கும், எடுத்துவிடு என்று எங்கள் பேராசிரியரும் சொல்கிறார் என்று கேட்டிருந்தாய். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. இருபத்து மூன்று தடவை அடி வாங்கிக்கொண்டு யாராவது அதே வேலைக்கு வருவாளா?

அது சிட்டுவின் புள்ளி. நீ அவளைப் பார்த்ததில்லை, நீ போன பிறகு சேர்ந்தவள், ஒடிசலாக, குருவி மாதிரி இருப்பாள், தற்காலிக வேலை. மறுநாளே அவளிடம் போய்க் கேட்டேன். ஊசி மருந்தை எடுத்து வைத்துக்கொண்டே, இருபத்து மூணு சரிதான்கா, மூஞ்சியில துப்பினதை எல்லாம் சேர்க்கலை என்றாள், ஏதோ துணி காயப்போட்டதைச் சொல்வது போல. ஏன்டி உனக்கு மட்டும் இத்தனை என்று கேட்டேன். நான்தானே கதவுக்கு வெளியே போறேன் என்றாள். அப்போதுதான் உறைத்தது எனக்கு. எங்கள் பிரிவில் ஓர் உயிர் போனால், டாக்டர் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, சொல்லிடுங்க என்று ஒரு வார்த்தை சொல்லிப் பின்பக்கமாக நழுவிவிடுவார். வெளியே கூட்டம் காத்திருக்கும். ஆளாளுக்கு ஒரு வேலை வந்துவிடும். சிட்டு நீ போயேன், உனக்குத்தான் பக்குவமா சொல்ல வரும் என்று எல்லாரும் சொல்வோம். தற்காலிகம், முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் ஏது? ஆக, அந்தப் பிரிவுக்கே விழ வேண்டிய அடியெல்லாம் ஒரே முதுகில் விழுந்துகொண்டிருந்திருக்கிறது.

இதை உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே வியாழக்கிழமை வந்தது. சாயங்காலம் மோட்டார் சைக்கிளில் அடிபட்ட ஒரு பையனைத் தூக்கிவந்தார்கள், வரும்போதே உயிர் இல்லை, இருந்தாலும் நெஞ்சை அமுக்கிப் பார்த்தோம். டாக்டர் வழக்கம்போல நழுவினார், சிட்டு வெளியே போனாள். நான் உள்ளே பையனின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சத்தம் கேட்டது பார், கதவுக் கண்ணாடி மொத்தமும் உள்ளே வந்து விழுந்தது, கண்ணாடியோடு சிட்டுவும் வந்து விழுந்தாள். பையனின் அண்ணன், மலை மாதிரி ஆள், சலைன் மாட்டுகிற இரும்புக் கம்பியைப் பிடுங்கி அவள் முகத்தில் வீசியிருக்கிறான். விழுந்தவளை விட்டானா, வயிற்றில் மிதிக்கிறான், கொன்னுட்டியேடி கொன்னுட்டியேடி என்று கத்திக்கொண்டே மிதிக்கிறான். அவள் வாயிலிருந்து ரத்தமும் பல்லும் வந்தன. கூட வந்தவர்கள் மருந்து அலமாரியைக் கவிழ்த்தார்கள், ஒருவன் நாற்காலியைத் தூக்கி வார்டு உதவியாளரின் தோளில் அடித்தான், படுத்திருந்த நோயாளிகள் கையில் ஊசியோடு எழுந்து ஓடினார்கள். எனக்கு எங்கிருந்து வந்ததோ வெறி, கையில் கிடைத்தது ஒரு ஸ்டீல் பெட்பேன், அதை இரண்டு கையாலும் பிடித்து அந்த அண்ணன்காரன் மண்டையில் ஒரு போடு போட்டேன். அவன் திரும்பினான், இன்னொன்று போட்டேன். மணிக்கட்டு வீக்கம் அதனால்தான். தப்பு என்று நீ சொல்வாய், சொல்லிக்கொள், இன்னொரு தடவை என்றாலும் போடுவேன்.

இதில் கொடுமை என்ன தெரியுமா, போலீஸ் வந்து அவனை உட்காரவைத்த பிறகு, நான் உடைத்த மண்டைக்கு நானேதான் தையல் போட்டேன், வேறு கை இல்லை. ஊசி குத்தும்போது அசையவே இல்லை. என் தம்பி தண்ணி கேட்டானாம்மா என்று மட்டும் கேட்டான். இல்லைப்பா, வலி தெரியாமலே போயிட்டான் என்றேன். அப்புறம் அழுதான் பார், கேட்கவே முடியவில்லை. அவன் மேல் எனக்கு இருந்த ஆத்திரம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன், போகவில்லை, ஆனால் அது இப்போது அவனைவிடப் பின்பக்கக் கதவு வழியாகப் போனவர் மேல்தான் அதிகமாக இருக்கிறது. சிட்டு மேல்மாடி வார்டில் கிடக்கிறாள், தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள், குழாயில்தான் ஆகாரம், இடது காது இனிக் கேட்குமா என்பது சந்தேகம். நேற்றுப் போய்ப் பார்த்தேன். பேச முடியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு, இருபத்து நான்கு என்று விரலால் காட்டினாள். சிரிக்கிறாளாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், கவனமாகப் படி. உன் அறிக்கையை வைத்துத்தான் எங்கள் நிர்வாகம் அந்தக் கதவுக்குக் காவலர் போடுவதா, சாவுச் செய்தியை டாக்டரே வெளியே வந்து சொல்ல வேண்டும் என்று விதி வைப்பதா என்று முடிவு செய்யப்போகிறது. சிட்டுவை எடுத்துவிட்டால் சராசரி இரண்டுகூட வராது, வருஷத்துக்கு ரெண்டு தள்ளுமுள்ளு எங்கேதான் இல்லை என்று டீயைக் குடித்துவிட்டுக் கலைந்துவிடுவார்கள். அவளைச் சேர்த்து வெறும் சராசரியைப் போட்டாலும் எல்லாருக்கும் மூன்று அடி மாதிரி ஆகிவிடும், அதுவும் பொய். அதனால் எண்ணை மட்டும் போடாதே, படத்தையே முதல் பக்கத்தில் போடு. அந்தப் புள்ளிக்குக் கீழே, கதவுக்கு வெளியே போகிறவள் என்று எழுது. உன் பேராசிரியரிடம் பயப்படாமல் பேசு, மரியாதையாகப் பேசு, ஆனால் பேசு. ஒன்று தனியாக நின்றால் உடனே துடைத்துவிடாமல், ஏன் தனியாக நிற்கிறது என்று போய்க் கேட்கவேண்டாமா? நீ கேட்டாய், அதற்கே உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது எனக்கு.

இன்னொன்று. காவலர் வருகிறவரைக்கும் வெளியே யார் போவது என்று வெள்ளிக்கிழமை பேச்சு வந்தது. எல்லாரும் இன்னொரு தற்காலிகப் பெண்ணின் பெயரைத்தான் சொன்னார்கள், போன மாதம் சேர்ந்தவள், உன்னைவிடச் சின்னவள். அவள் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தேன். நான் போறேன் என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமையிலிருந்து போகிறேன். அப்பாவிடம் மூச்சு விடாதே, வானத்துக்கும் பூமிக்குமாகக் குதிப்பார். எனக்குப் பயம் இல்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய், பயமாகத்தான் இருக்கிறது.

நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள், ராத்திரியில் தனியாக நடந்து வராதே. எடுத்த காரியம் எல்லாம் கைகூடி, பேரும் புகழுமாக நீ நீடூழி வாழவேண்டும், அம்மாவின் மனம் எப்போதும் உன் பக்கத்திலேயே இருக்கிறது. மறந்துவிடாதே, அடுத்த வருடமும் இதே கணக்கை எடுக்கப்போவதாகச் சொன்னாய். அதிலும் ஒரு புள்ளி தனியாக ஓரத்தில் போய் நின்றால், தப்பாகத் தட்டிவிட்டோம் என்று நினைத்துத் துடைத்துவிடாதே கண்ணு. அது நான்.

என்றும் உன் நலம் வேண்டும்,
அம்மா