உன் உள்ளங்கை கருகியிருந்தது

என் தங்கத் தம்பி சேகருக்கு,

நம் தலத்தெருவில் மழைத்தண்ணீர் வடிந்துவிட்டது. நீ விழுந்த இடத்தில் அறுந்து கிடந்த கரண்டு கம்பியை அன்றைக்கே சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மழையில் நடந்து வந்த உனக்கு மாரடைப்பு என்று ஆஸ்பத்திரியில் எழுதியிருக்கிறார்கள். உடம்பில் காயமே இல்லையாம்.

உன்னைக் குளிப்பாட்டும்போது எண்ணெயும் சீயக்காயும் வைத்தவள் நான். உன் வலது உள்ளங்கை கருகியிருந்ததை என்னோடு நின்ற பெண்களும் பார்த்தார்கள். இப்போது கேட்டால், "அழுதுகிட்டு நின்னோம்க்கா, எதைக் கண்டோம்?" என்கிறார்கள். ஆஸ்பத்திரிக் காகிதத்தைக் காரியம் முடிந்த பிறகுதான் படித்தேன். பொட்டலக் காகிதத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியவள் நான்; எதையும் மெதுவாகத்தான் படிப்பேன். அதற்குள் உன்னை எரித்தாகிவிட்டது.

தெரு வாட்ஸ்அப் குழுவில் பேசிப் போட்டேன்: "என் தம்பி கை ஏன் கருகியிருந்துச்சு? யாராச்சும் சொல்லுங்க." மறுநாள் மஃப்டியில் போலீஸ்காரர் ஒருவர் வந்து நின்றார். நான் பேசியதை வார்த்தை மாறாமல் சொன்னார். யார் கொடுத்தார்கள்? எல்லாரும் நம் தெருக்காரர்கள்தானே?

"பெரியம்மா, வதந்தி பரப்புனா கேஸாயிடும்."

"கேள்வி கேட்டா வதந்தியா தம்பி?"

சிரித்தார். "முரளி பாஸ்போர்ட் விசாரணை எங்ககிட்டதான் நிக்குது. தப்பா சொல்லிட்டேன்னு ஸ்டேஷன்ல வந்து ஒரு கையெழுத்துப் போடுங்க. அவன் பொழப்பு நடக்கும்."

துபாயில் உன் மகன் முரளிக்கு வேலை தயாராக இருக்கிறது. அவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுக் கத்தினான்: "செத்தது எங்கப்பா. நானே வேணாங்கிறேன், உங்களுக்கு என்ன அத்தை?"

நீ இருந்தால் யார் பக்கம் நிற்பாய்?

முனைக் கம்பத்தில் கேமரா வந்திருக்கிறது. நம் வாசலைத்தான் பார்க்கிறது. என்னோடு நின்று பேச வருகிறவர்கள் அதை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். வீட்டுக்குள்ளும் தாழ்ந்த குரலில் பேசப் பழகிவிட்டேன். ஆனால் கேமராவுக்குப் புதுக் கம்பி இழுத்தவர்கள், அன்றைக்குச் சுருட்டிக்கொண்டு போன அறுந்த கம்பியையே ஒட்டுப்போட்டு மறுபடி கட்டியிருக்கிறார்கள். அதன் அடியில்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். மாரடைப்பு என்று நானும் ஒப்புக்கொண்டால் அந்தக் கம்பியை யார் மாற்றுவார்கள்?

நாளைக்கு முரளி ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போக வண்டியோடு வருவான். ஏறிப் போவேன். உன் கையில் நான் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று எழுதிக்கொடுக்கமாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு. வெளியே வரும்போது உன் மகன் என்னை மறுபடி வண்டியில் ஏற்றுவானா, தெரியவில்லை. ஏற்றாவிட்டால் நடந்து வருகிறேன்.

உன் கூடப்பிறந்தவள்,
காந்திமதி அக்கா