மேற்குச் செட்டுக்கு மட்டும்

அம்மா,

இன்று காலையில் கோழிக்குஞ்சு வண்டி வந்தது. முதல் பெட்டியைத் திறந்ததும் அதே வாசனை. தரையில் விரித்த புது நார்த்தூள், குஞ்சுகளின் சூட்டுக்குப் பானையில் கனியும் கரி, வெல்லத் தண்ணீர், இவற்றுக்கு நடுவே குஞ்சுகளின் மேலிருந்து வருகிற அந்த இளஞ்சூடு. வருஷம் முழுக்க உன் முந்தானையில் இருந்த வாசனை. உன் சேலைகளை அத்தை துவைத்து மடித்து வைத்துவிட்டாள். இப்போது அவற்றில் சோப்பு வாசனைதான் வருகிறது. அதனால் பெட்டிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.

"என்னுங் அம்மணி, குஞ்சு சரியா இருக்குதான்னு பாக்கறீங்களா?" என்றார் வண்டிக்காரர்.

தலையை மட்டும் ஆட்டினேன். எனக்குத்தான் வெளியாளிடம் வாய் வராதே. உன்னிடம் மட்டும் வரும். ஆனால் நீ இருந்தவரை நீதான் பேசினாய், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். உனக்குத் தெரிந்ததைத்தான் திரும்பச் சொல்லப்போகிறேன். முதலிலிருந்து சொல்லிப் பார்த்தால் எங்கேயாவது பிடி கிடைக்குமா என்று பார்க்கிறேன்.

கோழி வளர்க்க நமக்கு ரெண்டு செட்டு. வீட்டை ஒட்டிக் கிழக்குச் செட்டு. கிணற்றைத் தாண்டி மேற்குச் செட்டு. ரெண்டும் ஒரே மேஸ்திரி கட்டியவை, ஒரே நீளம், ஒரே கூரை. கம்பெனி ஒரே வண்டியில்தான் ரெண்டுக்கும் குஞ்சும் தீவனமும் இறக்கும். நாம் வளர்த்துக் கொடுத்தால் எடைக்குக் கூலி. அப்படியிருந்தும் ஒவ்வொரு பேட்ச்சிலும் மேற்கில்தான் அதிகம் சாகும். காலையில் நான் கிழக்கிலிருந்து பக்கெட்டின் அடி மறைகிற அளவுக்குச் செத்த குஞ்சுகளைப் பொறுக்கி வருவேன். நீ மேற்கிலிருந்து பக்கெட் நிறைய எடுத்து வருவாய். குழியில் கொட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாய். கொட்டிய பிறகு குனிந்து பார்ப்பாய்.

அப்பாவுக்குக் காரணம் தெரிந்திருந்தது. "செட்டு கன்னிமூலைல நிக்குது. அங்க எத வெச்சாலும் வெளங்காது." கம்பெனி சூப்பர்வைசருக்கும் தெரிந்திருந்தது. "தண்ணிதானுங்க அக்கா. டேங்க்கக் கழுவி உடுங்க." பக்கத்துத் தோட்டத்து மாமா, "மேக்கால வெய்யலு, வேறென்ன" என்று வேலி ஓரமாக நின்றே தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். எல்லோர் கையிலும் ஒரு காரணம் தயாராக இருந்தது. உனக்கு மட்டும்தான் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல நீ கூச்சப்படவும் இல்லை.

"தெரீலீன்னா பாத்துப்போடலாங் கண்ணு. ஒரு செட்டுல ஒண்ணே ஒண்ண மாத்து. இன்னொண்ண அப்படியே உட்ரு. அப்பறம் ரெண்டு பக்கெட்டையும் பக்கத்துல வெச்சுப் பாரு" என்றாய்.

முதலில் தண்ணீர். மேற்குக் குழாயை வீட்டுத் தொட்டியோடு சேர்த்தாய். அந்த பேட்ச்சில் மேற்குப் பக்கெட் பாதியாகக் குறைந்தது. சந்தோஷத்தில் எனக்கு ஒப்புட்டு சுட்டுப் போட்டாய். பிறகுதான் தெரிந்தது, அதே வாரம் அப்பா சொல்லாமல் கொள்ளாமல் மேற்குச் செட்டின் பக்கத்துப் படுதாக்களை மாற்றியிருந்தார்.

"ஏனுங்க, உங்கள ஆரு மாத்தச் சொன்னா?"

"கிழிஞ்சு தொங்குச்சு, மாத்துனேன். நல்லதுதான பண்ணுனேன்?"

"நல்லது பண்ணிக் கெடுத்துப்போட்டீங்க. இப்ப தண்ணியா படுதாவான்னு எப்படிங்க பிரிக்கறது?"

"குஞ்சு பொழச்சுதா இல்லியா? அது போதும் புள்ள."

"போதாதுங்க" என்றாய். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அடுத்த பேட்ச்சில் பக்கெட் பழையபடி நிறைந்தபோது அப்பா உன் முகத்தைப் பார்க்காமல் பைக்கை எடுத்துக்கொண்டு வெள்ளகோவிலுக்குப் போய்விட்டார்.

அவர் கருப்பராயனுக்குக் கிடா வெட்டுவதாக வேண்டிக்கொள்ளக் கிளம்பிய நாள் நினைவிருக்கிறதா? வாசலில் மறித்து, "வேண்டறதுன்னா மேக்குச் செட்டுக்கு மட்டும் வேண்டிக்கங்க. ரெண்டுக்கும் சேத்து வேண்டிப்போட்டா சாமி செஞ்சுதா இல்லியான்னு தெரியாமப் போயிரும்" என்றாய்.

அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அடிப்பாவி, சாமிக்கே பரீச்ச வெக்கறயா?"

"பாஸ் பண்ணட்டுமேங்க."

நான் தீவனச் சாக்குக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டு சிரித்தேன். சாமி பாஸ் பண்ணவில்லை. தண்ணீர், படுதா, நார்த்தூள் என்று மாற்றிப் பார்த்துக் கழித்தவற்றோடு கருப்பராயனையும் நீ சேர்த்துக்கொண்டாய். அவர் மேல் கோபமும் இல்லை.

இந்தப் புத்தி உனக்குச் செட்டோடு நிற்கவில்லை. மாவு புளிக்காவிட்டால் உப்பை மட்டும் மாற்றுவாய், தண்ணீரைத் தொடமாட்டாய். அப்பா கத்துவது பசியாலா வெயிலாலா என்று பார்க்க, ஒரு வாரம் சோறு போட்ட பிறகே கெட்ட சேதிகளைச் சொன்னாய். அப்போதும் கத்தினார். "பசி இல்ல கண்ணு, ஒண்ணு கழிஞ்சுது" என்று என் காதில் சொன்னாய்.

ஒன்பதாவதோடு நான் நின்றதும் வகுப்பு டீச்சர் வீடு தேடி வந்தார். ஏன் நின்றாள் என்று கேட்டார். அப்பா, "அதுக்கு வெக்கமுங்க, நாலு பேரு முன்னால வாய் தொறக்காது" என்றார். அத்தை, "பெரிய மனுஷியாயிருச்சு, பஸ்ஸு ஏறி அத்தன தூரம் எதுக்குங்க" என்றாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். நீ நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாய்.

"ஒண்ணுன்னு சொல்ல முடியலீங்க டீச்சர். அந்த வருசம் பஸ்ஸு நேரம் மாறிப்போச்சு. இவளோட வந்துட்டிருந்த புள்ள திருப்பூருக்குப் போயிருச்சு. கணக்கு வேற வரல. எனக்கும் அப்பத்தான் மூச்சு இளைப்பு வந்துது, செட்டுல ஒத்தாசைக்கு ஆளில்ல. எல்லாம் ஒரே நேரத்துல மாறிப்போச்சுங்க. எதுன்னு பிரிச்சுச் சொல்லட்டும்?"

இப்படிப் பிரித்துப் பார்க்கிற புத்தி எங்கிருந்து வந்தது என்று டீச்சர் கேட்டார். பிறகு செட்டுக் கதையைக் கேட்டு, "காலேஜ்ல ஆராய்ச்சிங்கறது இதுதாங்க. பயிருக்கும் இப்படித்தான் பாப்பாங்க, மருந்துக்கும் இப்படித்தான், பசங்க ஏன் ஃபெயிலாகறாங்கங்கறதுக்கும் இப்படித்தான்" என்றார்.

"அப்ப நானும் டாக்டரு ஆயிட்டனுங்களா?" என்று நீ சிரித்தாய். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. மேற்குச் செட்டு சரியாகட்டும், இவளைத் திரும்ப அனுப்புகிறேன் என்று டீச்சரிடம் வாக்குக் கொடுத்தாய்.

ஒன்றே ஒன்றைத்தான் நீ மாற்றிப் பார்க்கவில்லை. ஒரு நாள் சாப்பிடும்போது நானே கேட்டேன். "நம்ம ரெண்டு பேரையும் மாத்திப் பாக்கலாமாம்மா? நான் மேக்க போறேன், நீ கெழக்க இரு."

உன் கை தட்டிலேயே நின்றது. பிறகு, "வேண்டாங் கண்ணு. அங்க வீச்சம் ஜாஸ்தி, கண்ணெல்லாம் எரியும். உனக்கு ஆகாது" என்றாய். எனக்கு ஆகாதது உனக்கு மட்டும் எப்படி ஆகும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

மேற்கு மோசம் என்பதால் நீ அங்கேயே கிடந்தாய். போன கோடையில் பகல் முழுக்க அங்கேதான். வளர்ந்த கோழிகளைப் பிடித்துப்போகிற வண்டி வர வேண்டிய வாரத்தில், மத்தியானம், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டாய். வெள்ளகோவிலில் பார்த்துவிட்டுக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். நீ அங்கிருந்து பேசிக்கொண்டு திரும்பி வரவில்லை.

அப்பாவுக்குக் கேட்க வாய் வரவில்லை. ஆச்சரியம், எனக்கு வந்தது. "எதனால சார்?" என்று டாக்டரிடம் கேட்டேன்.

"நுரையீரல் ரொம்ப நாளாவே கெட்டிருக்கும்மா. தூசி இருக்கலாம், புகை இருக்கலாம். இதயமும் சரியில்ல. வெய்யில் வேற. லேட்டாவும் வந்துட்டீங்க. ஒண்ண மட்டும் காட்டிச் சொல்ல முடியாது."

அவர் ஏறக்குறைய உன்னைப் போலவே பேசினார். அவர் மேல் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

துக்கம் கேட்க வந்தவர்களுக்கு அந்தச் சந்தேகமே இல்லை. எல்லோர் கையிலும் மறுபடி ஒரு காரணம். அத்தை கரிப்புகை என்றாள். வேலியோரத்து மாமா இந்தத் தடவையும் வெயில் என்றார். அப்பா, "ஆசுபத்திரிக்குப் போலாமுன்னேன், பேட்ச்சு முடியட்டும்னா" என்று எல்லோரிடமும் சொன்னார். அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், பெயர்கூட எனக்குத் தெரியாது, என்னைக் காட்டி, "இந்தப் புள்ள படிக்காம ஊட்டோட கெடக்குதேன்னு நெஞ்சுக்குள்ளயே வெச்சு வெச்சுத்தான் போயிட்டா" என்றாள். சொல்லிவிட்டுக் காபித் தம்ளரை வாங்கிக்கொண்டாள்.

அது உண்மையா என்று நான் எப்படிப் பார்ப்பேன்? நீ சொல்லிக் கொடுத்தபடி பார்க்க இன்னொரு செட்டு வேண்டும். அதே ஊர், அதே வெயில், அதே இளைப்பு, அதே நார்த்தூள் தூசி. எல்லாம் உன்னைப் போலவே இருக்கிற இன்னொரு அம்மா. ஒன்றே ஒன்றுதான் மாறியிருக்க வேண்டும், அவளுடைய மகள் பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டும். அவள் உயிரோடு இருக்கிறாளா என்று பார்த்தால் போதும். உனக்குக் கிழக்குச் செட்டு இல்லை அம்மா. நீ ஒருத்திதான் இருந்தாய்.

பிறகு அப்பா அடுத்த பேட்ச் இறக்கினார். ரெண்டு செட்டையும் நானே பார்த்துக்கொண்டேன். எதையும் மாற்றவில்லை. உன் பானையில் கரி போட்டேன், உன் நேரத்துக்குத் தண்ணீர் விட்டேன், படுதாவை நீ இறக்குகிற அளவுக்கே இறக்கினேன். உன்னிடமிருந்து எது மிச்சமிருக்கிறதோ அது கலையக் கூடாது என்று நினைத்தேன்.

மேற்குப் பக்கெட் நிறையவில்லை. முதல் வாரம் நம்பவில்லை. பிறகு தினமும் ரெண்டு பக்கெட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ரெண்டிலும் அடிதான் மறைந்திருந்தது.

சூப்பர்வைசர் வந்து மேற்குச் செட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே வந்தார். "அட, மேக்குச் செட்டு தேறிப்போச்சே அம்மணி! அக்கா இத்தன வருசமாத் தலகீழா நின்னாங்க. நீங்க என்னத்த மாத்துனீங்க?"

"ஒண்ணும் மாத்தலீங்க."

"சும்மா சொல்லுங்க, மத்த பண்ணைக்கும் சொல்லோணும்."

"ஒண்ணுமே மாத்தலீங்க" என்று சொல்லிவிட்டுக் கிணற்றுப் பக்கம் போய்விட்டேன். அவர் அதைக் கூச்சம் என்று நினைத்திருப்பார்.

அன்று சாப்பிடும்போது அப்பா, "அவ இருந்து பாத்திருந்தா அத்தன சந்தோசப்பட்டிருப்பா" என்றார். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். அவருக்குக் கணக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது, நீ சொல்லிக் கொடுத்ததால். ஒன்றே ஒன்றுதான் மாறியிருந்தது. நீ இல்லை.

உன் செருப்பில் எதையாவது கொண்டுபோனாயா? நாள் முழுக்க உள்ளே நீ நடமாடியதில் குஞ்சுகள் மிரண்டு மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கினவா? இல்லை, அங்கே சாகிறது என்பதால்தானே நீ அங்கேயே கிடந்தாய். எது முந்தியது? அவற்றைக் காப்பாற்ற அங்கே உட்கார்ந்து அந்தத் தூசியை இழுத்து இழுத்து நீ போனாய். நீ போனதும் அவை பிழைத்துக்கொண்டன. இப்படி ஒரு விடையை நீ கண்டுபிடித்திருந்தால் என்ன செய்திருப்பாய்? சிரித்திருப்பாய் என்று நினைக்கப் பார்க்கிறேன். முடியவில்லை.

நீ இன்னொன்றும் சொல்வாய். "ஒருக்கா நடந்தா நடந்துச்சு, அவ்வளவுதான். திருப்பி நடந்தாத்தான் காரணம்." அந்த பேட்ச்சில் மழையும் சீக்கிரம் வந்தது, குஞ்சும் வேறு இடத்திலிருந்து வந்தது என்றார்கள். இத்தனை நாளும் அந்த மழையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று இறங்கியது அடுத்த பேட்ச். மழை இல்லை. குஞ்சுகள் பழைய இடத்திலிருந்தே வந்திருக்கின்றன. இந்தத் தடவையும் மேற்கில் பக்கெட் நிறையாவிட்டால் அது திருப்பி நடந்ததாகிவிடும். அதற்குப் பிறகு எனக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

மேற்குச் செட்டில் உட்கார்ந்து, நீ செய்வது போலவே ஒவ்வொரு குஞ்சாக எடுத்து மூக்கை வெல்லத் தண்ணீரில் தொட்டுவிட்டேன். கைக்குள் அவற்றின் நெஞ்சு அடிப்பது தெரிந்தது. ஒன்றைக்கூட விடவில்லை. அப்பா கருப்பராயன் கோயிலிலிருந்து திருநீறு கொண்டுவந்து ரெண்டு செட்டின் வாசலிலும் போட்டுவிட்டு, "நீயும் சாமிய நல்லா வேண்டிக்க கண்ணு" என்றார்.

வேண்டிக்கொண்டேன் அம்மா. இந்த பேட்ச்சில் பக்கெட் நிறைய நிறையச் சாகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். நீ சொன்னபடியேதான், மேற்குச் செட்டுக்கு மட்டும்.